குழந்தைகளுக்கு வானத்தைக் காட்டுவோம்

(திருவனந்தபுரத்தில் நமது கிளையின் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும்' என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். தலைப்பு மிகப் பெரியது. நானோ அந்தக் காலத்துப் பி.எஸ்ஸி. பௌதிகம், அதன்பின் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன். ஆகவே அவரிடம் அனுமதி பெற்று விஷயத்தைச் சிறியதாக்கிக்கொண்டேன். ஐந்து வயது முதல் பத்து வயது வரை உள்ள நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சூரியனைப் பற்றியும் கிரகங்களைப் பற்றியும் நாம், அதாவது தாத்தா பாட்டிகள், என்ன சொல்லிக்கொடுக்கலாம், எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

"அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறதே" என்று சிலர் நினைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழு வயதுப் பெண் குழந்தை பாட்டியோடு கோயிலுக்குப் போயிருக்கிறாள். நவக்கிரக சந்நிதியைச் சுற்றும்போது, "பாட்டி, இதுல பூமி எங்கே இருக்கு?" என்று கேட்டாள். "சந்நிதியில தொணதொணக்காதே, பேசாம பிரதக்ஷிணம் பண்ணு" என்பது பதில். குழந்தை விடவில்லை. மறுநாள் வகுப்பில், "எங்க கோயில்ல சூரியனும் சந்திரனும்கூட கிரகம்தான், ஆனா புஸ்தகத்துல இல்லையே, ஏன்?" என்று கேட்டாள். "அதெல்லாம் மூடநம்பிக்கை, புஸ்தகத்தில் உள்ளதை எழுது" என்று அங்கே பதில் வந்தது. இரண்டு இடத்திலும் கதவு அடைபட்டது. அதன்பின் அந்தக் குழந்தை கேட்பதையே நிறுத்திவிட்டாள் என்று அவள் தாயார் வருத்தத்துடன் சொன்னார்.

கவனித்துப் பார்த்தால் இதில் இரண்டு நஷ்டங்கள் உண்டு. ஒன்று, பரீட்சைக்கு ஓர் உண்மை, வீட்டுக்கு ஓர் உண்மை என்று குழந்தை மனதில் இரண்டு அறைகள் கட்டிக்கொண்டுவிடுகிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே கதவே இருப்பதில்லை. இரண்டு, சற்று வளர்ந்ததும், "இவாளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று நம்மைப் பற்றி முடிவு கட்டிவிடுகிறது. பிறகு நாம் சொல்லும் நல்ல விஷயங்களும் அதன் காதில் ஏறுவதில்லை. பேரக்குழந்தைகள் நம் பேச்சைக் கேட்பதில்லை என்று இந்த மண்டபத்திலேயே எத்தனையோ முறை குறைப்பட்டிருக்கிறோம். அவர்கள் கேட்டபோது நாம் என்ன பதில் சொன்னோம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அந்தக் குழந்தையின் கேள்விக்குச் சரியான பதில் இருக்கிறது. அது கஷ்டமான பதிலும் அல்ல. நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் கூட்டமாக வானில் வருகின்றன. அவற்றின் ஊடே நாளுக்கு நாள் இடம் மாறிக்கொண்டே போகிறவற்றை நம் பெரியோர்கள் கிரகம் என்றார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும்படி அப்படி நகர்பவை ஏழு: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. வாரத்தின் ஏழு நாட்களும் இவற்றின் பெயர்களே. ராகுவும் கேதுவும் பொருள்கள் அல்ல. வானத்தில் சந்திரன் செல்லும் பாதை சூரியன் செல்லும் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் அருகே அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால்தான் கிரகணம் உண்டாகும். ஆகவே ஏழும் இரண்டும் ஒன்பது. பூமி ஏன் அதில் இல்லை? நாம் நிற்கும் திண்ணை அது. திண்ணையில் நின்று தெருவில் போகிறவர்களை எண்ணும்போது திண்ணையை யாரும் எண்ணுவதில்லை.

பள்ளிப் புத்தகம் கேட்பது வேறு கேள்வி: "சூரியனைச் சுற்றி வரும் பெரிய கோள்கள் எவை?" அதற்குப் பதில் எட்டு. பூமி அதில் சேரும். சூரியனும் சந்திரனும் சேரமாட்டார்கள். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி மூலம் யுரேனஸைக் கண்டுபிடித்தார். 1846இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. வெறும் கண்ணால் எளிதில் பார்க்க முடியாததால் இவ்விரண்டுக்கும் கிழமைகள் கிடைக்கவில்லை. 1930இல் சேர்ந்த புளூட்டோவை 2006இல் சர்வதேச வானியல் சங்கம் குறுங்கோள் என்று தனியே பிரித்துவிட்டது. நாம் படித்தபோது ஒன்பது, பேரன் படிக்கும்போது எட்டு. ஆகவே கோயிலில் இருப்பது ஒரு கேள்விக்கு விடை, புத்தகத்தில் இருப்பது மற்றொரு கேள்விக்கு விடை என்று ஏழு வயதுக் குழந்தைக்குத் தாராளமாகச் சொல்லலாம். சந்நிதியில் வேண்டாம் என்றால் வெளிப்பிராகாரத்தில் உட்கார்ந்து சொல்லலாமே.

"இப்படியெல்லாம் சொன்னால் குழந்தைக்குச் சம்பிரதாயத்தில் சிரத்தை குறைந்துவிடாதா?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நம் சம்பிரதாயத்தில் ஜோதிஷம் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் இந்தப் பயம் தேவையில்லை என்று தோன்றும். கி.பி. 499இல் ஆர்யபடர், பூமி தன்னைத்தானே சுற்றுவதால்தான் நட்சத்திரங்கள் மேற்கே போவதுபோலத் தெரிகின்றன என்று எழுதினார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் நகர்வதுபோலத் தோன்றுவதை உதாரணம் காட்டினார். கிரகணம் நிழலால் உண்டாவது என்பதையும் விளக்கினார். நம் கேரளத்திலேயே, நிளா நதிக் கரையில் வாழ்ந்த வடசேரி பரமேசுவரர் சுமார் ஐம்பத்தைந்து வருஷங்கள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து வந்தார். கணக்கில் வந்த நேரத்துக்கும் கண்ணால் கண்ட நேரத்துக்கும் வித்தியாசம் இருப்பதைக் கண்டு, 1431இல் 'த்ருக்கணிதம்' என்ற திருத்திய முறையை வகுத்தார். 'த்ருக்' என்றால் பார்வை. பார்வைக்கு ஒத்துவராத கணக்கைத் திருத்து என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம். அவருடைய பரம்பரையில் வந்த திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி 1500ஐ ஒட்டித் 'தந்த்ரஸங்கிரகம்' எழுதினார். ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்றுகின்றன, அந்தச் சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்ற அமைப்பையும் அவர் கூறினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று அவர் சொல்லிவிடவில்லை. நம் பெருமைக்காக அதையும் அவர் தலையில் ஏற்ற வேண்டாம். அவர் உண்மையில் செய்ததே போதிய பெருமை.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் இங்கே ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். பிறகு வந்த ஜான் ஆலன் பிரவுன் அகஸ்தியர் மலையின்மேல்கூட ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துப் பூமியின் காந்த சக்தியையும் வானிலையையும் அளந்தார். அந்தக் கூடம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் வசம் இருக்கிறது. 1963 நவம்பர் 21ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது நான் பள்ளி மாணவன். அது உயரே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் சுருண்டு விரிந்ததைத் தெருவே வெளியில் வந்து நின்று பார்த்தது. அந்த வருஷத்துப் பாடப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று இன்று எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை. அந்த மேகம் மட்டும் அறுபது வருஷம் கழித்தும் கண்ணில் நிற்கிறது. குழந்தைக்கு முதலில் காட்ட வேண்டும். பெயரும் எண்ணும் பிறகு வரட்டும்.

இனி, வீட்டிலேயே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன். செலவு ஏதும் இல்லை.

முதலாவது நிழல். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ ஒரு குச்சியை நேராக நட்டு, அதன் நிழல் நுனியை அரை மணிக்கு ஒருமுறை சாக்குக்கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு விழும் என்று நாம் நினைப்போம். திருவனந்தபுரத்தில் அது வருஷத்தின் பெரும்பகுதியில் பன்னிரண்டே காலை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் விழும். நம் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் இருப்பது 77 டிகிரியை ஒட்டி. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம் வீதம் சுமார் 22 நிமிஷம் சூரியன் நம் தலைக்கு மேல் தாமதமாக வருகிறது. மும்பையில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு இது 38 நிமிஷத்தைத் தாண்டும்; சென்னையில் ஒன்பது நிமிஷம்தான். இதோடு சூரியனின் சொந்த வேகத்தால் மாதத்துக்கு மாதம் சில நிமிஷம் கூடும், குறையும். மாத்யான்னிகம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உபயோகமானதுதான்.

அதே குச்சிக்கு வருஷத்தில் இரண்டு நாள் நண்பகலில் நிழலே விழாது. திருவனந்தபுரத்தில் ஏறக்குறைய ஏப்ரல் 11, 12 தேதிகளிலும் ஆகஸ்ட் 31 வாக்கிலும் அப்படி நேரும். சென்னையிலும் பெங்களூரிலும் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். மும்பையில் மே 15, ஜூலை 27 வாக்கில். டில்லியில் ஒருநாளும் நேராது. அது கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. கோடை ஏன் வருகிறது என்று கேட்டால், சூரியன் அப்போது பக்கத்தில் இருக்கிறது என்று பெரியவர்களே சொல்வதுண்டு. அது சரியல்ல. பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். ஜூலை முதல் வாரத்தில்தான் மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில், இருக்கிறது. பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால் வெயில் ஒரு சமயம் செங்குத்தாகவும் ஒரு சமயம் சாய்வாகவும் விழுகிறது. நிழலற்ற நாளை ஒருமுறை பார்த்த குழந்தைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சுற்று. பூமியின் இரண்டு அசைவுகளும் குழந்தைகளுக்குக் குழம்பும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இது குழம்பக் காரணமே இல்லை. சந்நிதியில் நின்ற இடத்திலேயே தன்னைத்தான் சுற்றிக்கொள்வது ஆத்ம பிரதக்ஷிணம். சந்நிதியைச் சுற்றி வருவது பிரதக்ஷிணம். முதலாவது ஒரு நாள், இரண்டாவது ஒரு வருஷம். கூடத்தின் நடுவில் குத்துவிளக்கை ஏற்றி வைத்து மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். குழந்தை பூமி. விளக்கைப் பார்க்கும்போது முகத்தில் வெளிச்சம், அது பகல். திரும்பினால் இருட்டு, அது இரவு. தீபம் எங்கும் நகரவில்லை, உதிப்பதும் மறைவதும் நம் திருப்பத்தால் என்பது ஐந்து வயதிலேயே புரிந்துவிடும். பெண் குழந்தைகளின் பாவாடை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. விளக்குக்குப் பதில் ஒரு மின்விளக்கு இருந்தால் இன்னும் நல்லது.

மற்றொரு குழந்தையைச் சந்திரனாக்கி, எப்போதும் பூமியின் முகத்தைப் பார்த்தபடியே சுற்றி வரச் சொல்லுங்கள். சந்திரன் நமக்கு ஏன் ஒரே பக்கத்தைக் காட்டுகிறது என்பது விளங்கிவிடும். கெட்டிக்காரக் குழந்தையிடம் கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள். நாம் பிரதக்ஷிணம் செய்வது கடிகார முள் போகும் திசையில். வடதுருவத்துக்கு மேலே நின்று பார்த்தால் பூமி சுழல்வதும் சூரியனைச் சுற்றுவதும் எந்தத் திசையில்? இரண்டும் அதற்கு எதிர்த் திசையில். இதை அது தானே கண்டுபிடித்தால் ஒரு லட்டு கொடுக்கலாம்.

மூன்றாவது அளவு. பாடப் புத்தகப் படங்களில் சூரியனும் கிரகங்களும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததுபோல் நெருங்கி வரிசையாக இருக்கும். இதனால் குழந்தைகளுக்கு முற்றிலும் தவறான எண்ணம் ஏற்படுகிறது. வாசலில் அரை மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டக் கோலம் போடுங்கள். அது சூரியன். அந்த அளவில் பூமி ஒரு மிளகு. வைக்க வேண்டிய தூரம் 54 மீட்டர். சந்திரன் ஒரு கசகசா. மிளகிலிருந்து 14 சென்டிமீட்டர். புதன் ஒரு கடுகு, 21 மீட்டரில். வெள்ளி இன்னொரு மிளகு, 39 மீட்டரில். செவ்வாய் ஒரு பெரிய கடுகு, 82 மீட்டரில். வியாழன் ஓர் எலுமிச்சம்பழம், 280 மீட்டர் தள்ளி. சனி ஒரு பெரிய நெல்லிக்காய், அரை கிலோமீட்டரில். யுரேனஸும் நெப்டியூனும் இரண்டு கோலிக்குண்டுகள். ஒன்று ஒரு கிலோமீட்டரில், மற்றது 1.6 கிலோமீட்டரில். பத்மநாபசுவாமி கோயில் வாசலில் கோலம் போட்டால் நெப்டியூன் ஏறக்குறைய செக்ரட்டேரியட் பக்கத்தில் கிடக்கும்.

நடுவில் உள்ளதெல்லாம் வெற்றிடம். "அப்போ அடுத்த சூரியன் எங்கே தாத்தா?" என்று குழந்தை கேட்கும். நம் சூரியனைப் போன்ற மிக அருகிலுள்ள நட்சத்திரத்துக்கு இன்னொரு கோலம் போட வேண்டுமானால், அது இங்கிருந்து 14,000 கிலோமீட்டருக்கு அப்பால். நியூயார்க்கில் இருக்கும் பேரன் வீட்டு வாசல்கூட அதைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது! 2023 செப்டம்பர் 2ஆம் தேதி நம் நாடு சூரியனை ஆராய அனுப்பிய ஆதித்யா எல்-1, 15 லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்து 2024 ஜனவரியில் தன் இடத்தை அடைந்தது. நம் கோலத்தில் அது மிளகிலிருந்து அரை மீட்டர்தான். சூரியனை நெருங்கிப் போயிற்று என்று நினைக்கும் குழந்தைக்கு இதைக் காட்ட வேண்டும்.

நான்காவது, நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கும் கணக்கு. குருப் பெயர்ச்சி வருஷத்துக்கு ஒருமுறை, சனிப் பெயர்ச்சி இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை, ராகு கேதுப் பெயர்ச்சி ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை என்று எல்லா வீட்டிலும் பேசுகிறோம். பன்னிரண்டு ராசிகளால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வியாழனுக்குப் பன்னிரண்டு வருஷம், சனிக்கு முப்பது வருஷம் என்று வரும். சூரியனைச் சுற்ற வியாழனுக்கு 11.86 வருஷமும் சனிக்கு 29½ வருஷமும் ஆகின்றன என்று புத்தகம் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ராகு கேதுப் புள்ளிகள் ஒரு சுற்று வர 18.6 வருஷம். கும்பகோணம் மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவதும் வியாழன் கணக்கே. 2016இல் வந்தது, அடுத்தது 2028இல். ஷஷ்டியப்த பூர்த்தி என்றால் தாத்தா பிறந்த பிறகு வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் ஏறக்குறைய முடித்துவிட்டன என்று பொருள். ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் செய்கிறோம்; ஆயிரத்தை 29.53 நாளால் பெருக்கினால் எண்பது வருஷமும் பத்து மாதமும் வரும். வீட்டு விசேஷங்களுக்குள்ளேயே ஒரு வானசாஸ்திர வகுப்பு அடங்கியிருக்கிறது. பலன் பார்ப்பதும் பார்க்காததும் அவரவர் விருப்பம்; பெயர்ச்சி அன்று மாலை குழந்தையை மாடிக்கு அழைத்துப்போய், "இன்னிக்கு எல்லாரும் பேசறாளே, அந்த குரு இதோ" என்று காட்டுவது நம் கடமை என்று நினைக்கிறேன். அன்று மாலை தெரியாவிட்டால் விடியற்காலையில், அல்லது சில வாரம் கழித்துக் காட்டலாம்.

நகரத்து அடுக்குமாடியில் வானம் எங்கே தெரிகிறது என்பீர்கள். நட்சத்திரங்கள்தான் நகர வெளிச்சத்தில் மறைகின்றன. வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி ஆகியவை மேகமில்லாத இரவில் மும்பையிலும் தெரியும். சூரியன், சந்திரனுக்கு அடுத்தபடி மிகப் பிரகாசமானது வெள்ளி; அந்தியில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோதான் இருக்கும், நடு இரவில் உச்சியில் ஒருநாளும் வராது. ஏன் என்பதை அந்தக் கோலமும் மிளகும் காட்டிக்கொடுக்கும். சாதாரண பைனாகுலர் ஒன்று கிடைத்தால் கை அசையாமல் பிடித்து வியாழனைப் பாருங்கள். 1610இல் கலிலியோ கண்ட நான்கு சந்திரன்கள் புள்ளிகளாகத் தெரியும். இங்கே பி.எம்.ஜி. அருகில் பிரியதர்சினி கோளரங்கம் இருக்கிறது. சென்னை, திருச்சி, பெங்களூர், மும்பை, டில்லி, கல்கத்தா ஆகிய ஊர்களிலும் கோளரங்கங்கள் உண்டு. விடுமுறையில் மாலுக்குப் போகும் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம்.

மார்ச் 20, 21 தேதிகளிலும் செப்டம்பர் 22, 23 தேதிகளிலும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அந்த நாட்களில் அஸ்தமன சூரியன் பத்மநாபசுவாமி கோயில் கோபுர வாயில்கள் வழியே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கித் தெரிவதைப் பார்க்கக் கிழக்கே கூட்டம் கூடும். செல்போனில் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், சூரியன் சரியாக மேற்கே மறைவது இந்த நாட்களில்தான் என்று குழந்தைக்குச் சொல்லுங்கள். 'விஷு' என்றாலும் சமம்தான். ஆனால் விஷு இப்போது ஏப்ரல் 14ஐ ஒட்டி வருகிறது. பூமியின் அச்சு ஓய்ந்துவரும் பம்பரம்போலச் சுமார் 26,000 வருஷத்துக்கு ஒருமுறை தலையைச் சுற்றுவதால், இந்த மூன்றரை வார இடைவெளி நூற்றாண்டுகளில் விழுந்தது. இது சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு.

ஐந்தாவது கிரகணம். இதில் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். சூரியனை வெறும் கண்ணால் ஒருபோதும் உற்றுப் பார்க்கக் கூடாது. விழித்திரையில் வலி உணர்வு கிடையாது. கெட்ட பிறகுதான் தெரியும். கரி படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே ஃபிலிம், குளிர்கண்ணாடி எதுவும் பாதுகாப்பு அல்ல. பாத்திரத்துத் தண்ணீரில் பிம்பத்தைப் பார்க்கும் பழைய வழக்கமும் போதாது. பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. இதற்கென்று தரச் சான்றுடன் விற்கும் கிரகணக் கண்ணாடியே உபயோகிக்கலாம். அதுவும் இல்லையென்றால் சமையலறையிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்து வாருங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியின் நிழலைச் சுவரில் விழச் செய்தால், ஒவ்வொரு துளையும் ஒரு பிறைச் சூரியனைக் காட்டும். மாமரத்தடியில் இலை இடுக்குகளும் அதையே செய்யும்.

2010 ஜனவரி 15ஆம் தேதி நண்பகலுக்குப் பின் நம் ஊரில் கங்கண கிரகணம் தெரிந்தது. சூரியன் ஒரு வளையல்போலச் சில நிமிஷங்கள் நின்றது. எத்தனையோ வீடுகளில் அந்த நேரம் ஜன்னலையும் சாத்திக் குழந்தைகளை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். தங்கள் ஊர் வாசலுக்கே வந்த அந்தக் காட்சியை அவர்கள் டெலிவிஷனில்தான் பார்த்தார்கள். ஸ்நானம், ஜபம், தர்ப்பணம், உபவாசம் எல்லாம் அவரவர் ஆசாரப்படி நடக்கட்டும். அதற்கும் பூந்திக் கரண்டிக்கும் விரோதம் இல்லை. ஐம்பத்தைந்து வருஷம் கிரகணத்தைப் பார்த்த பரமேசுவரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு த்ருக்கணிதம் எழுதவில்லை. பாம்பு விழுங்கும் கதையையும் சொல்லுங்கள். நல்ல கதை, ஏன் விடவேண்டும்? கதையைக் கதையாகச் சொல்லி, நிழலை நிழலாகக் காட்டினால் குழந்தை இரண்டையும் வைத்துக்கொள்ளும். கதையே விடை என்று சொன்னால் நாளை இரண்டையும் தூக்கி எறியும்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் அங்கத்தினர்கள் பல நகரங்களில் இருக்கிறார்கள். இது வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத வசதி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இரண்டு ஊர்களின் நண்பகல் நிழல்களை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். திருவனந்தபுரமும் டில்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. ஏப்ரல் 11, 12 வாக்கில் இங்கே நிழல் மறையும் அதே நண்பகலில், டில்லியில் ஒரு மீட்டர் குச்சிக்குச் சுமார் 37 சென்டிமீட்டர் நிழல் விழும். காகிதத்தில் முக்கோணம் வரைந்து கோணமானியால் அளந்தால் கோணம் 20 டிகிரி. இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 2,230 கிலோமீட்டர். 360ஐ 20ஆல் வகுத்தால் 18. 18 மடங்கு 2,230 என்றால் 40,140 கிலோமீட்டர். பூமியின் உண்மையான சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டியது. இங்கே ஒரு பேத்தி, டில்லியில் அவள் அத்தை பிள்ளை, நடுவில் ஒரு டெலிபோன், இரண்டு துடைப்பக் குச்சிகள். இவற்றால் பூமியை அளந்துவிடலாம். பெங்களூர் கிளையும் சேர்ந்துகொண்டால் சரிபார்க்கவும் வழி உண்டு. அடுத்த ஏப்ரலில் நம் கிளைகள் இதைச் செய்து, குழந்தைகளின் பெயரோடு அளவுகளை நம் பத்திரிகையிலேயே வெளியிட வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

2031 மே 21ஆம் தேதி மறுபடியும் ஒரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவின் குறுக்கே செல்லப்போகிறது. இன்று மடியில் இருக்கும் குழந்தைகள் அன்று கேள்வி கேட்கும் வயதில் இருப்பார்கள். அன்று அவர்கள் ஜன்னலுக்கு உள்ளே இருப்பார்களா, மாமரத்தடியில் இருப்பார்களா என்பதை முடிவு செய்யப்போவது நாம்தான். அதற்குள் நமக்குத் தெரியாத கேள்வி ஒன்றை அவர்கள் கேட்டால், "எனக்குத் தெரியலை, வா, ரெண்டு பேருமா மாடிக்குப் போய்ப் பார்ப்போம்" என்று சொன்னால் போதும். அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.